சிவஞானம் தூங்கட்டும்

மஸூதாவின் கோழி தகரக் கூரையில் ஏறியபோது காலை மணி பத்தரை. ருக்கு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

இந்தத் தீவில், ஷாதிபூரில், கோழி கூரையில் நடப்பது ஒரு சேதியே இல்லை. ஒரே நீளத் தகரத்தின் கீழே எட்டு வீடுகள், நடுவில் பலகைத் தடுப்பு. முதல் வீட்டில் தும்மினால் எட்டாம் வீட்டில் 'நூறு' என்பார்கள். அப்படிப்பட்ட வரிசையில் கூரைமேல் கோழி நடந்தால் என்ன, குதிரை ஓடினால் என்ன? ஆனால் அன்றைக்கு அந்தக் கோழிக்கு நேர் கீழே, நாலாவது வீட்டில், ருக்குவின் புருஷன் சிவஞானம் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்று முந்தின நாள்தான் சர்க்கார் நோட்டீஸ் வந்திருந்தது.

ருக்கு கழியால் கூரையை ரகசியமாக ஒரு தட்டுத் தட்டினாள். கோழி அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினாள். அது இரண்டடி நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "உனக்கு இருக்குடி இன்னைக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒன்று போட்டாள். கோழி பறந்தது. கூடவே ஒரு தகரமும் ஆணி கழன்று தடதடவென்று கீழே வந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்த சிவஞானம், திறந்த வானத்தை நிமிர்ந்து பார்த்து, "கப்பல் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அவர் மின்சார நிலையத்தில் டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலையில் நின்றால் காலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார். போன ஆடியிலிருந்து இப்படித்தான். 'கட்டின பெண்டாட்டியை விட்டுப் பிரிச்சு ராத்திரியெல்லாம் இன்ஜினோட கட்டிப் போட்டானே பாவி' என்று அந்த நிலையத்து இன்ஜினியரை ருக்கு நாள் தவறாமல் சபித்துக்கொண்டிருந்தாள். சிவஞானமோ ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. காலையில் வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கண் திறப்பார். இந்த ஒரு வருஷத்தில் கன்னமெல்லாம் பூசினாற்போல ஆகியிருந்தது. ருக்கு அதைச் சோகை வீக்கம் என்றாள்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருவோம். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி டாக்டர் வந்து நைட் ஷிஃப்ட் ஆட்களைப் பரிசோதிப்பார், அதுவரை எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு, பகலில் எட்டு மணி நேரம் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது. மிச்சத்தை மஸூதாவின் புருஷன் அப்துல் குத்தூஸ் பஜாரிலிருந்து கொண்டுவந்தார். அவர் கடையில் சாமானும் கிடைக்கும், சேதியும் கிடைக்கும். சாமான்தான் சில நாள் தீர்ந்துபோகும். பரிசோதனையில் தேறாதவர்களை அடுத்த கப்பலிலேயே மெயின்லாண்டுக்கு ஏற்றிவிடப் போகிறார்களாம்.

 மெயின்லாண்டு என்றால் ருக்குவுக்கு மூத்தார் வீடு. மூத்தார் வீடு என்றால் ஓரகத்தி விசாலாட்சி. 'தீவுக்குப் போய்க் கொடி நட்டாங்களே, என்ன ஆச்சாம்?' என்று விசாலாட்சி கேட்பது கடல் தாண்டி இங்கேயே அவள் காதில் விழுந்தது. அதற்கு இந்தக் கடலிலேயே குதித்துவிடலாம்.

ஆக, இருபத்தைந்து நாள் இருந்தது. இவரைக் கல்லு மாதிரி ஆக்கி டாக்டர் முன்னால் நிறுத்துவது என்று ருக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முதலில் கோழி. மஸூதா நல்லவள், சொன்னவுடனேயே எல்லாவற்றையும் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டாள். ஆனால் கூடைக்குள் இருந்த சேவலுக்கு அது ராத்திரி. யாராவது நடந்து போகையில் கூடை இடறி ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே போனால் போதும், விடிந்துவிட்டது என்று கூவும். அன்றைக்கு ஷாதிபூரில் மத்தியானத்துக்குள் ஆறு தடவை விடிந்தது. கடைசியில் சேவல் குழம்பாகி, மஸூதா வீட்டிலிருந்து பாதி சட்டி இங்கேயும் வந்தது. உடம்புக்கு நல்லது என்று ருக்கு அவர் இலையில் காலும் நெஞ்சுமாக அள்ளி வைத்தாள்.

அந்த இலையின் முன்னால்தான் அவளுக்கு ஞானோதயம் ஏற்பட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடாமல் அவள் ஒரு கவளம் சாப்பிட்டதில்லை. அவள் பிறந்த வீட்டில் அது வழக்கம். அப்படியிருக்க, அந்த மனுஷன் ராத்திரி பூராவும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முழித்திருக்கையில், இவள் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறாளே, இது எந்த ஊர் நியாயம்? இவர் உடம்பில் தூக்கம் எப்படி ஒட்டும்?

"இன்னையிலேர்ந்து அஞ்சாந்தேதி வரைக்கும் விரதம்" என்று அவரிடம் சொன்னாள். "நீங்க முழிச்சிருந்தா நானும் முழிச்சிருப்பேன். நீங்க தூங்குறப்பத்தான் நானும் தூங்குவேன்."

சிவஞானத்தின் கையிலிருந்த கோழிக்கால் நழுவிக் குழம்பில் விழுந்தது.

"அதெல்லாம் எதுக்கு ருக்கு?" என்றார். "ராத்திரி நீ நல்லாத் தூங்கு. நீ ராத்திரி தூங்குறதுதான் எனக்குப் பலம்."

ருக்குவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் உருகிப் போனாலும் பெண்டாட்டி தூங்க வேண்டும் என்று நினைக்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவர் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாட மன்றாட, அவளுடைய வைராக்கியம் ஏறிக்கொண்டே போனது.

ராத்திரி முழித்திருப்பது என்றால் சும்மாவா? கொட்டக் கொட்ட உட்கார்ந்திருந்தால் கண் சொக்கும். ருக்கு ஆட்டுக்கல்லில் அரிசியைப் போட்டு ஆட்டினாள். அது முடிந்ததும் உளுந்து. அதுவும் முடிந்ததும் உரலில் மிளகாய் இடித்தாள். காலையில் சிவஞானம் வந்ததும் கஞ்சியைக் கொடுத்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டு, அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துச் சாய்ந்தாள். தலையணையில் தலை பட்டதுதான் தெரியும்.

அவள் கண் விழித்தபோது மணி இரண்டு. சிவஞானம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் கொவ்வைப் பழம்.

"தூங்கலையா நீங்க?"

"சத்தம்" என்றார்.

"என்ன சத்தம்?"

 அவர் மெல்ல விரலைத் தூக்கி, கடைசியில் அதை வெளிப்பக்கம் திருப்பி, "அங்கே" என்றார்.

அங்கே நிதாய் மிஸ்திரி உளியடித்துக்கொண்டிருந்தான். வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவன். பக்கத்து வீட்டு வாசலில் ஆறு மாதமாக ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தான். ருக்கு கூந்தலை முடிந்துகொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை இந்தி. இரண்டு பேருக்கும் அது அரைகுறை. அதனால் சண்டைக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

தன் புருஷன் தூங்குகிறார், உளியை நிறுத்து என்றாள் ருக்கு. ராத்திரி பூராவும் நீங்கள் மாவாட்டியதில் நான் ஒரு நிமிஷம் தூங்கவில்லையே, அதை யாரிடம் சொல்ல என்றான் நிதாய். மஸூதா வெற்றிலைத் தட்டோடு நடுவில் வந்து உட்கார்ந்து பஞ்சாயத்தை முடித்துவைத்தாள். எப்படியும் ராத்திரியில் அந்த வரிசையில் யாரும் தூங்கப் போவதில்லை. ஆகையால் நிதாய் ராத்திரியில் உளியடிக்கலாம், பகலில் தூங்கலாம்.

அன்றிலிருந்து பகல் அமைதியானது. ராத்திரிதான் திருவிழா. ஒரு பக்கம் ஆட்டுக்கல், ஒரு பக்கம் உளி. இதில் மற்ற வீடுகள் எப்படித் தூங்கும்? ஒரு வாரத்தில் எட்டு வீடுகளும் ராத்திரி முழித்திருக்கப் பழகிவிட்டன. பெண்கள் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு துணி துவைத்தார்கள். குழந்தைகள் நடுராத்திரியில் வாய்ப்பாடு சொல்லின. அப்துல் குத்தூஸ் மட்டும் கடைக்குப் போக வேண்டியவர். அவர் நின்றபடியே தூங்கி, சீனி கேட்டவருக்குச் சீயக்காய் கட்டிக் கொடுத்தார். ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. சிவஞானத்துக்கு வேலை போகக் கூடாதே என்று எட்டு வீடும் நினைத்தது. மெயின்லாண்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்குத்தான் திரும்பிப் போகும் கப்பலின் பயம் தெரியும்.

இத்தனை செய்தும் சிவஞானம் தூங்கவில்லை. பகலில் ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். ருக்கு கண் விழிக்கும்போதெல்லாம் அவர் உட்கார்ந்திருப்பார். பூசின கன்னம் வற்றிவிட்டது. சட்டை தோளில் நிற்காமல் நழுவியது.

பத்தாம் நாள் ருக்கு எட்டு வீட்டு ஆட்களையும் நிற்கவைத்துக் கேட்டாள். கோழியை அடக்கியாகிவிட்டது. உளியை மாற்றியாகிவிட்டது. நாய் வாயைக்கூடத் துணி போட்டுக் கட்டியாகிவிட்டது. இன்னும் என்ன சத்தம்தான் பாக்கியிருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிதாய் என்னவோ சொல்ல வாயெடுத்தான். மஸூதா சட்டென்று அவன் வாயில் ஒரு வெற்றிலையைத் திணித்தாள்.

பிறகு மஸூதா ருக்குவைத் தனியே கூப்பிட்டுப் போனாள். "ஏபுள்ள, பகல்ல நீ எங்க வூட்டுல வந்து படேன். உங்க வூடு ஒரே வெக்கை. எங்க வூட்டுல கடல்காத்து சும்மா அள்ளிக்கிட்டுப் போவுது."

"அவரை விட்டுட்டு நான் மட்டும் காத்து வாங்கவா?" என்றாள் ருக்கு. "அந்த உடம்பு கெடக்குற கெடையில, திடீர்னு ஒண்ணு ஆச்சுன்னா பக்கத்துல ஆள் வேணாமா?"

உள்ளேயிருந்து சிவஞானத்தின் பலவீனமான குரல் கேட்டது. "அக்கா கூப்பிடுதுல்ல, போயேன் ருக்கு." என் சுகத்தைத்தான் அந்த நிலையிலும் நினைக்கிறார் என்று ருக்கு மூக்கைச் சிந்தினாள். போகவில்லை.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் யோசனையை அவரே சொன்னார். பத்து நாளில் அன்றுதான் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி. முதலில் ஒரு உருண்டை. அது போதவில்லை என்றார். இரண்டு உருண்டை, மூன்று உருண்டை. கடைசியில் தலையணையைப் பிரித்துப் பாதிப் பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்து, மேலே ஒரு துண்டையும் கட்டிக்கொண்டு படுத்தார். அப்படியும் தூக்கம் வரவில்லை. துண்டை அவிழ்த்தவர் பஞ்சை எடுக்க மறந்து அப்படியே டியூட்டிக்குப் போனார். இன்ஜினியர் சாப் ராத்திரி ரவுண்டு வந்து பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். சிவஞானம் திரும்பவே இல்லை. மறுநாள் ஆபீஸ் ஃபைலில் 'காது மந்தம்' என்று எழுதிவிட்டார்கள் என்ற சேதியை, பிற்பகலுக்குள் அப்துல் குத்தூஸ் கொண்டுவந்து சேர்த்தார்.

"அவ்வளவு பெரிய இன்ஜின் பக்கத்துல நிக்கிறீங்க, அந்தச் சத்தத்துல உங்களுக்கு ஒண்ணும் ஆகல. வீட்டுல மட்டும் எறும்பு நடந்தாக்கூடத் தூக்கம் வரலைங்கிறீங்களே" என்று ருக்கு அழாத குறையாகக் கேட்டாள்.

"இன்ஜினை நிறுத்தலாம் ருக்கு" என்றார் சிவஞானம். 

காது போனதைச் சரிக்கட்ட வேண்டும் என்று ருக்கு ஜாதிக்காயைப் பிடித்தாள். பாலில் ஒரு சிட்டிகை உரைத்துக் கொடுத்தால் யானையும் தூங்கும் என்பார்கள். சிவஞானம் யானையைவிடக் கஷ்டம் என்று முழுக் காயையும் உரைத்துக் காலையில் கொடுத்தாள். பகல் முழுக்க அவர் முழித்திருந்தார். ஜாதிக்காய் நின்று நிதானித்து, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, சைக்கிள் மிதிக்கையில் வேலை செய்தது. பாதை இடதுபக்கம் திரும்பியது. சிவஞானம் திரும்பவில்லை. நேரே போய், நீர் வற்றிக் கிடந்த கடற்கரைச் சேற்றில் இறங்கி, இடுப்பளவு போனதும் நின்று, பெல்லை அடித்திருக்கிறார். பின்னால் ஜீப்பில் வந்ததும் அதே இன்ஜினியர்தான். ஃபைலில் காதுக்குக் கீழே 'கண் கோளாறு' ஏறியது.

ருக்குவுக்குச் சோறு இறங்கவில்லை. இனி மூளை ஒன்றுதான் பாக்கி, அதையும் எழுதிவிட்டால் கப்பல்தான். போதாக்குறைக்கு இன்னொரு கவலையும் புகுந்துகொண்டது. சிவஞானம் வேலைக்குக் கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் முந்திக்கொண்டே வந்தது. ஐந்தரைக்குப் போகிறவர் நாலரைக்குப் போனார், பிறகு மூன்றரை. ஒரு நாள் ருக்கு கண் விழித்தபோது மணி ஒன்றுதான், கட்டில் காலி. இன்ஜினுக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது என்று மறுநாள் காலையில் சொன்னார். காலையிலும் லேசில் வீட்டுக்கு வருவதில்லை. வெயில் ஏறின பிறகு தயங்கித் தயங்கி வந்து, வாசலில் நின்று கொஞ்ச நேரம் உள்ளே காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நுழைவார். ஒரு ஆம்பிளைக்கு இன்ஜின்மேல் இப்படியும் ஆசை வருமா என்று ருக்கு ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டே யோசித்தாள். யோசிக்க யோசிக்க மாவு நைசாக வந்ததே தவிர, மனசு நைசாகவில்லை.

அஞ்சாந்தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கையில் மலேரியா டிபார்ட்மெண்ட் ஆட்கள் இரண்டு பேர் மருந்தடிக்க வந்தார்கள். பகல் பதினோரு மணி. எட்டு வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. வாசல்களில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகக் கிடந்த கோலத்தில் கிடந்தார்கள். கட்டி முடிக்காத படகுக்குள் ஒருவன் மல்லாந்து கிடந்தான். வாயைத் துணியால் கட்டிய நாய் ஒன்று சுருண்டு கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கோழிகூடக் கூவவில்லை. நாலாவது வீட்டுக்குள் யாரோ கடைசி மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அவ்வளவுதான், மருந்து டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்துவிட்டது. முன்னால் டாக்டர். பக்கத்தில் இன்ஜினியர் சாப். தன் நைட் ஷிஃப்ட் ஆள் இருக்கிற வரிசையில் கொள்ளை நோய் என்றால் ஊருக்கு விளக்கெரிய வேண்டாமா? பின்னால், ஹெட் கிளார்க் கிருஷ்ணமூர்த்தி, மடியில் சிவஞானத்தின் ஃபைலோடு. ஹாரன் சத்தத்தில் எட்டு வீடும் எழுந்து கண்ணைக் கசக்கியது. ருக்குவும் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

டாக்டர் ஒவ்வொருவராக நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். அதைத் தவிர ஒரு நோயும் இல்லை. கடைசி மூச்சு இழுத்தது யார் என்று இந்தியில் கேட்டார். கிருஷ்ணமூர்த்தி அதைத் தமிழில் சொன்னதும் ருக்குவுக்கு உயிரே போய்விட்டது.

"அது இவராத்தான் இருக்கும்" என்று சிவஞானத்தைக் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். "பாருங்க சாமி, நான் அசந்த நேரத்துல என்ன பாடு பட்டாரோ."

சிவஞானம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அவரை எடை போட்டார். பதினோரு பவுண்டு இறங்கியிருந்தது. ஃபைலைப் பார்த்துவிட்டுக் காதைப் பார்த்தார், உள்ளே தங்கியிருந்த கொஞ்சம் பஞ்சை எடுத்தார். காது நன்றாக இருந்தது. கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சு, வயிறு எல்லாம் சரி. எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டார். "இருபத்திரெண்டு நாள்" என்று சிவஞானம் நொடியில் சொன்னார்.

டாக்டரும் இன்ஜினியரும் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். 'ஜஹாஜ்' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ருக்கு இன்ஜினியரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள். ஒரு வருஷமாகச் சபித்த வாயால் அவரைத் தெய்வமே என்றாள். கப்பலில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், இவர் படுத்த படுக்கையாகக் கிடந்தால் நானே வந்து இன்ஜினை ஓட்டுகிறேன், மூத்தார் வீட்டு வாசலில் மட்டும் எங்களை நிறுத்திவிடாதீர்கள் என்று கதறினாள். மஸூதா அழுதாள். எதற்கென்று தெரியாமல் நிதாயும் அழுதான்.

இன்ஜினியர் திகைத்துப்போய் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார். கிருஷ்ணமூர்த்தி விளக்கினார். யாரையும் கப்பலில் ஏற்றும் பேச்சே இல்லையாம். மருந்துப் பெட்டி கப்பலில் வருகிறது என்றுதான் டாக்டர் சொன்னாராம். இரவு வேலை ஒத்துக்கொள்ளாதவர்களைக் கண்டுபிடித்துப் பகலுக்கு மாற்றத்தான் இந்தப் பரிசோதனையே. கடையைப் போட்டுவிட்டு ஜீப்பின் பின்னாலேயே வந்திருந்த அப்துல் குத்தூஸை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நின்றபடியே தூங்குவதுபோல இருந்தார்.

"நாளையிலிருந்தே உங்க வீட்டுக்காரருக்கு டே ஷிஃப்ட்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்."

ருக்குவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷமாக எந்தத் தெய்வத்திடம் எதைக் கேட்டாளோ, அது நடு வாசலில் வந்து நின்றது. "இனி ராத்திரி பூரா வீட்டுலதான் இருப்பாரு" என்று மஸூதாவைக் கட்டிக்கொண்டாள். "என் விரதமும் முடிஞ்சுது. பழையபடி நானும் ராத்திரியே அவர் பக்கத்துல படுத்துத் தூங்குவேன்."

தடாலென்று ஒரு சத்தம். சிவஞானம் இன்ஜினியரின் இன்னொரு காலில் விழுந்திருந்தார்.

"வேண்டாம் சாப். நைட் ஷிஃப்ட்லயே வெச்சுக்குங்க. செத்தாலும் அங்கேயே சாகுறேன்."

 டாக்டர் இன்ஜினியரைப் பார்த்தார், இன்ஜினியர் ஆகாயத்தைப் பார்த்தார். ருக்குவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல மெல்ல இறங்கியது. நாலரை மணிக்குப் போனது, மூன்றரை மணிக்குப் போனது, ஒரு மணிக்கே கட்டில் காலியாகக் கிடந்தது, காலையில் வீட்டுக்கு வரத் தயங்கியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன்னால் வந்தன. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"யாரு அவ?"

சிவஞானம் அடிபட்டவர் மாதிரி நிமிர்ந்தார். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லை ருக்கு" என்றார். பின்னே எதற்காக ராத்திரியானால் வீட்டில் இருக்கமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டாள்.  இந்த மனுஷனுக்காக இருபத்திரெண்டு ராத்திரி பொட்டுக் கண் மூடாமல் மாவாட்டினேனே, கை காய்த்துப்போச்சே, என்னைவிட எவள் உசத்தி என்று ருக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடுத்த கப்பலில் தானே போய் விசாலாட்சி காலில் விழுவதாகவும் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லும் அளவுக்கு அவள் மனசு உடைந்துவிட்டது என்பது மஸூதாவுக்குத் தெரியும். அவள், யாராவது எதையாவது சொல்லித் தொலையுங்களேன் என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தாள். ஷாதிபூரின் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

கிருஷ்ணமூர்த்திக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. அவர் ஃபைலைப் பின்பக்கமாகப் புரட்டி, போன வருஷத்துக் காகிதம் ஒன்றை உருவினார். சிவஞானம் கும்பிட்ட கையோடு, "சார், வேண்டாம் சார்" என்றார். கிருஷ்ணமூர்த்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அனாவசியமா சந்தேகப்படாதீங்கம்மா, நைட் ஷிஃப்ட்டை ஆபீஸ் போடல, போன ஆடியில அவரே கைப்பட எழுதிக் கேட்டு வாங்கினது, காரணம்னு ஒரே ஒரு வரிதான் போட்டிருக்கார்: 'என் மனைவி இரவில் மட்டுமே குறட்டை விடுகிறாள்.'"